கருமத்தம்பட்டியில் ஆயர், ஃப்ரீடவுனில் ஆறு வாரம்

உக்கடம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் பெரிய கடை வீதிக்கு நடந்தே போய்விடலாம். பொள்ளாச்சி, பழனி, பாலக்காட்டு வண்டிகளின் இரைச்சலை விட்டு, கோட்டைமேட்டைத் தாண்டி, கடைகளின் நெரிசலுக்குள் நுழைந்தால் புனித மிக்கேல் அதிதூதர் பேராலயம் வரும். கோவை மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில் அது. உக்கடத்துக்காரியான எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை அங்கேதான். பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம், இந்த ஊருக்கு முதல் ஆயராக இருந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். 1693ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரைச் சொல்வார்கள். நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளையைச் சொல்வார்கள். சொந்த ஊர் ஆயரின் பெயர் மட்டும் வாயில் வராது.

அவர் பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். தெற்கு பிரான்சில் பிறந்தவர். 28 வயதில் தமிழ் மண்ணுக்குக் கப்பலேறினார். 32 வயதில் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பிறகு அந்தப் பதவியைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 45 வயதில் மேற்கு ஆப்பிரிக்காவில் இறந்தார். 2020 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் அது ஒரு படி. அடுத்தது அருளாளர், அதற்கும் அடுத்ததுதான் புனிதர்.

மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: “ஏனுங் டீச்சர், அந்தூருக்குப் போயி ஆறு வாரத்துல செத்துப் போயிட்டாருன்னா, அவரு என்னத்தத்தான் பண்ணுனாரு?” நியாயமான கேள்வி. முடிந்த பதிலைச் சொன்னேன். ஆனால் ஒரு வகுப்பு நேரத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. என்னைக் கேட்டால், அவருடைய தியாகத்தின் பெரும்பங்கு ஆப்பிரிக்காவில் நடக்கவில்லை. நம்ம கோயமுத்தூரில்தான் நடந்தது.

1813 டிசம்பர் 2ம் தேதி காஸ்தெல்நோதாரி என்ற ஊரில் அவர் பிறந்தார். பழைய பிரபுக் குடும்பம். பிரெஞ்சுப் புரட்சியில் சொத்துப்பத்தை இழந்த வீடு. அப்பா, தெற்கு பிரான்சின் பெரிய கால்வாய் ஒன்றில் மேற்பார்வையாளர் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். பாடமும் அவரே வீட்டில் சொல்லிக் கொடுத்தார். மகன் குருமடத்தில் சேர்ந்து, 1838 டிசம்பரில் குருப்பட்டம் பெற்று, சொந்த ஊர்க் கோயிலிலேயே உதவிக் குருவாகவும் அமர்ந்துவிட்டார். அந்தக் கோயிலும் மிக்கேல் சம்மனசு கோயில்தான். பெற்ற பிள்ளை கண்ணெதிரே பூசை வைப்பதைவிட அந்தத் தகப்பனுக்கு வேறென்ன வேண்டும்?

மகனுக்குத்தான் மனசு நிலைகொள்ளவில்லை. கடல் கடந்து போக வேண்டும் என்றார். அந்த மறைமாவட்ட ஆயர் லேசில் விடவில்லை. அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. பாரிஸ் அந்நிய வேதபோதக சபையில் சேர்ந்து கிழக்கே போவதென்றால் அந்தக் காலத்தில் போனது போனதுதான். விடுமுறைக்கு வீட்டுக்கு வருவதெல்லாம் கிடையாது. காய்ச்சலிலும் பேதியிலும் இளவயதில் போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். 1841ல் ஒருவழியாக ஆயரின் அனுமதி கிடைத்தது. வீட்டாரின் அழுகையைத் தாங்க மாட்டோம் என்று, நேரில் விடை பெறாமலே பாரிசுக்குக் கிளம்பிவிட்டார் மகன். இந்த இடம் வரும்போதெல்லாம் என் மனம் அந்தத் தாய் தகப்பன் பக்கமே போகிறது. கப்பலேறிய பிள்ளையின் தியாகத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். வாசலில் நின்றவர்கள் கொடுத்ததும் சின்னதல்ல.

1842 ஏப்ரல் 12ம் தேதி நாந்த் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. சூயஸ் கால்வாய் 1869ல்தான் திறந்தது என்பதால் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றித்தான் வர வேண்டும். புதுச்சேரியில் கால் வைத்தது ஜூலை 24. மூன்று மாதத்துக்கும் மேல் தண்ணீரிலேயே கழிந்த பயணம்.

அவர் வந்து சேர்ந்த தமிழ்நாட்டுத் திருச்சபையின் நிலைமையைச் சொல்ல வேண்டும். 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காலத்திலிருந்து உள்நாட்டில் வேலை செய்தவர்கள் இயேசு சபையார். சேலம், சத்தியமங்கலம், கருமத்தம்பட்டி என்று கொங்குச் சீமையில் கிறிஸ்தவக் குடிகள் வேர்விட்டது அவர்களால்தான். 1773ல் ரோமாபுரி அந்தச் சபையையே கலைத்தது. சாமியார்கள் ஒவ்வொருவராக இறந்துபோக, ஊர் ஊராகக் கோயில் இருந்தும் பூசை வைக்க ஆள் இல்லாமல் போயிற்று. உபதேசியார்கள்தான் ஜெபம் சொல்லி, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, சாவுக்கு முன்நின்று விசுவாசத்தைக் காப்பாற்றினார்கள். பிறகு அந்தப் பொறுப்பு பாரிஸ் சபையிடம் வந்தது. மைல் கணக்கில் பரந்த பங்குகளைப் பார்த்துக்கொள்ள விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சாமியார்கள் இருந்தார்கள்.

பிரெசியாக் தமிழ் படித்தார். சேலத்துக்கு உதவிக் குருவாக அனுப்பப்பட்டார். ஊர்களைச் சுற்றியபோது ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இருநூறு வருஷத்துக்கு மேலாகக் கிறிஸ்தவம் இருக்கிற மண்ணில் ஏன் இன்னும் வெளிநாட்டுச் சாமியாரை எதிர்பார்த்தே ஜனம் உட்கார்ந்திருக்கிறது? இந்த மண்ணின் பிள்ளைகள் ஏன் குருவாகவில்லை? குருவானவர்கள் ஏன் ஆயராகவில்லை?

1844ல் புதுச்சேரியின் ஆயரான பொனான் ஆண்டகை தம் ஊரில் ஒரு சங்கம் கூட்டினார். உள்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டும் என்று அங்கே பேசி முடிவெடுத்தார்கள். கையோடு குருமடத்தின் தலைமைப் பொறுப்பு பிரெசியாக்கிடம் வந்தது. அப்போது அவருக்கு 30 வயது. அடுத்த வருஷமே ரோமாபுரியும் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. உள்நாட்டவரை எடுபிடிக் குருக்களாக வைத்துக்கொள்வது போதாது, ஆயர் பதவிவரை உயர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். பிரெசியாக்குக்கு அது தன் மனத்தில் இருந்ததை யாரோ எழுதி அனுப்பியதுபோல் இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் துணைக்கு நிற்க வேண்டும், பிறகு விலகிக்கொள்ள வேண்டும் என்று நம்பியவர் அவர். கூட வேலை செய்த வெள்ளைக்காரச் சாமியார்கள் பலருக்கு இது ரசிக்கவில்லை. இவர்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்றார்கள். பக்குவப்படாதவர்களாகவே வைத்துக்கொள்ள இதைவிட வசதியான காரணம் வேறில்லை.

1845ல் கோயமுத்தூர்ப் பகுதியைப் புதுச்சேரியிலிருந்து பிரித்து அவரிடம் ஒப்படைத்தார்கள். 1846 அக்டோபர் 4ம் தேதி கருமத்தம்பட்டியில் ஆயர் திருநிலைப்பாடு நடந்தது. அவிநாசி ரோட்டில் சோமனூருக்குப் பிரிகிற அந்த ஊர்தான். இன்று ஜெபமாலை மாதா பசிலிக்காவாக நிற்கிறதே, அந்தத் தலத்தில்தான் 32 வயது இளைஞருக்கு ஆயர் கோல் கொடுத்தார்கள். சின்ன வயது, பெரிய சீமை. நீலகிரி, பாலக்காடு, கொள்ளேகால் எல்லாம் சேர்ந்தது அவருடைய எல்லை. போத்தனூருக்கு ரயில் வந்தது 1862ல் என்றால், அவர் எப்படிப் பயணம் செய்திருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1850ல் கோயமுத்தூர் தனி விகாரியகமாக, அதாவது ஆயர் ஒருவரின் கீழுள்ள தனி மறைப்பகுதியாக, முழு நிலை பெற்றது.

இனி வருவதுதான் முக்கியம்.

கிறிஸ்தவர் ஆனவர்களோடு சாதியும் கோயிலுக்குள் வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனி இடம், சில இடங்களில் தனி வாசல், தனிக் கல்லறை. இயேசு சபைக் காலத்தில் உயர்சாதியாருக்கென்று சன்னியாசிச் சாமிகள், மற்றவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்று குருக்களே இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். எந்த வழக்கத்தை அனுமதிக்கலாம், எதை அனுமதிக்கக் கூடாது என்பதில் பெரும் தகராறு எழுந்தது. பொட்டு வைக்கலாமா, தாலி எந்த மாதிரி இருக்கலாம், சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள் சாமியார் போய் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வேண்டுமா, வெளியிலேயே நின்றால் போதுமா என்று ஒவ்வொன்றும் ரோமாபுரிவரை போனது. 1744ல் திருத்தந்தை 14ம் பெனடிக்ட் ஓர் ஆணை போட்டார். வீட்டுக்குள் போய்த்தான் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இந்த ஆணைக்குக் கட்டுப்படுவேன் என்று இங்கே வேலை செய்ய வருகிற ஒவ்வொரு சாமியாரும் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும்.

சத்தியம் எல்லாரும் செய்தார்கள். அதன் பொருளை மட்டும் ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு பங்கில் அனுமதித்த வழக்கம் அடுத்த பங்கில் பாவமாக இருந்தது. பிரெசியாக் ஆயர். தன் கீழே இருக்கிற குருக்கள் செய்கிற சத்தியத்துக்கு அவர் பொறுப்பு. சாதியை ஒரே நாளில் ஒழித்துவிடப் புறப்பட்ட புரட்சிக்காரர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். இந்நாட்டு வழக்கங்களில் விசுவாசத்துக்கு விரோதமில்லாதவற்றைத் தொட வேண்டாம் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் மழுப்பவில்லை. எது வழக்கம், எது பாவம் என்று ரோமாபுரி விசாரித்துத் தெளிவாகச் சொல்லட்டும், ஒரே ஒழுங்காக நடக்கிறோம் என்றார். தெளிவில்லாத ஒன்றின்மேல் ஆட்களைச் சத்தியம் செய்ய வைத்து, மீறுவதைக் கண்டும் காணாமல் இருப்பது தன்னால் ஆகாது என்றார். கடிதத்துக்கு மேல் கடிதம் போனது. கேட்ட தெளிவு வரவில்லை. உள்நாட்டுக் குருக்கள் விஷயத்திலும் அவர் நினைத்த வேகத்துக்குக் கூட இருந்தவர்கள் வரவில்லை.

அவர் என்னவெல்லாம் செய்திருக்கலாம்? பேசாமல் இருந்திருக்கலாம். ஆயர் மாளிகையில் வயதாகி, பேராலயத்தில் பளிங்குக் கல்லறையோடு மரியாதையாகப் படுத்திருக்கலாம். 1854ல் அவர் ரோமாபுரிக்குப் போய், என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை, என்னை விடுவியுங்கள் என்று கேட்டார். 1855 மார்ச்சில் பதவி விலகல் ஏற்கப்பட்டது. வயது 41. உயிரைக் கொடுப்பவர்களை உலகம் கொண்டாடும். பதவியை விட்டவரைப் பற்றி, சமாளிக்கத் தெரியாதவர் என்றுதான் பேசும். தன் பன்னிரண்டு வருஷ வேலையின் நினைவுகளை அவர் எழுதிவைத்திருக்கிறார்.

எங்கள் தெருவில் எதிர்வீட்டு பாய் ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் லாரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் கணக்கு எழுதுகிறவர். “டீச்சரம்மா, காய்ச்சல்ல சாகுறது அவர் கையில இல்லீங்க. நாற்காலிய விட்டு எந்திரிச்சாரு பாருங்க, அது அவரா பண்ணுனது” என்றார். நான் சுற்றிவளைத்துச் சொல்ல வந்ததை அவர் நேராகச் சொல்லிவிட்டார்.

விலகியவர் ஓய்ந்து உட்காரவில்லை. யாருமே போகாத இடத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். மேற்கு ஆப்பிரிக்காவின் தகோமி அரசுக்கு, அதாவது இன்றைய பெனின் நாட்டுக்கு, போக நினைத்தார். ஒரு தனி ஆள் போய் ஆகாது, உன் பின்னால் ஒரு சபை வேண்டும் என்றது ரோமாபுரி. ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து பணமும் ஆளும் சேர்த்தார். 1856 டிசம்பர் 8ம் தேதி லியோன் நகரத்து ஃபூர்வியேர் குன்றில் உள்ள மாதா கோயிலில் அவரும் சில தோழர்களும் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். ஆப்பிரிக்க மறைபணிச் சபை பிறந்தது அன்றுதான். தகோமி அபாயம் என்று கருதிய ரோமாபுரி, 1858ல் சியரா லியோனை அவருக்குக் கொடுத்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் வந்து குடியேறிய ஊர் அதன் தலைநகரமான ஃப்ரீடவுன். வெள்ளைக்காரர்களின் கல்லறை என்று மாலுமிகள் அந்தக் கரைக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

முதலில் ரெய்மோன், பிரெசோன் என்ற இரண்டு குருக்களும் யூஜின் என்ற சகோதரரும் போய்ச் சேர்ந்தார்கள். ஆயர் பின்னால் புறப்பட்டு, ரியோக்ரூ என்ற குருவோடும் கிராசியன் என்ற சகோதரரோடும் 1859 மே 14ம் தேதி ஃப்ரீடவுன் துறைமுகத்துக்கு வந்தார். ஊரெங்கும் மஞ்சள் காய்ச்சல். இப்போது இறங்க வேண்டாம் என்று கப்பல் தலைவர் தடுத்தார். என் ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள் என்பவருக்கு அந்தப் பேச்சு எங்கே ஏறும்? இறங்கினார்.

ஜூன் 2ம் தேதி ரியோக்ரூ இறந்தார். 5ம் தேதி பிரெசோன். 13ம் தேதி சகோதரர் கிராசியன். ஆயருக்கும் காய்ச்சல் கண்டது. அவருக்குக் கடைசி அருட்சாதனம் கொடுக்க மிஞ்சியிருந்த குரு ரெய்மோன் மட்டுமே, அவரும் நோயாளி. ஜூன் 25ம் தேதி ஆயர் இறந்தார். மூன்று நாள் கழித்து, 28ம் தேதி, ரெய்மோனும் போனார். சகோதரர் யூஜின் ஒருவர்தான் உயிரோடு நாடு திரும்பியது.

எது அவர்களைக் கொன்றது என்று அவர்களுக்கே தெரியாது. கெட்ட காற்று, சதுப்பு ஆவி என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. கொசுதான் காரணம் என்று கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே என்ற மருத்துவர் 1881ல் சொன்னார். 1900ல் வால்டர் ரீட் குழு அதை நிரூபித்தது. ஏடிஸ் என்ற அந்தக் கொசு நமக்கும் பழக்கமானதுதான். டெங்கு பரவும்போது உக்கடத்தில் வீடு வீடாக வந்து தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்கிறார்களே மாநகராட்சிக்காரர்கள், அவர்கள் தேடுவது அதன் புழுவைத்தான். தடுப்பூசி கண்டுபிடித்த மேக்ஸ் தைலருக்கு 1951ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஓர் ஊசி போட்டுக்கொண்டு, மஞ்சள் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள்.

அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். ஒரே மாதத்தில் ஐந்து சாவு. லியோனில் பொறுப்பாக விட்டுவைத்திருந்த ஒகுஸ்தின் பிளான்க் என்ற குரு அந்தச் செய்தி வந்ததும் சபையைக் கலைத்திருக்கலாம். கலைக்கவில்லை. 1861 ஏப்ரலில் போர்கெரோ என்ற குரு தகோமியின் உய்தா கடற்கரையில் இறங்கினார். ஆயர் போக நினைத்து முடியாமல் போன அதே நாடு. வழியில் ஃப்ரீடவுனில் அவருடைய தோழர் ஒருவரும் இறந்தார். அப்படியும் நிற்கவில்லை. பிளான்க் 1907ல் சாகும்வரை அந்தச் சபையை நடத்தினார். இன்று அதில் ஆப்பிரிக்கக் குருக்கள் இருக்கிறார்கள், இந்தியாவிலிருந்தும் இளைஞர்கள் சேர்ந்து போகிறார்கள். அவர் ஆறு வாரத்தில் என்ன செய்தார் என்றால், கண்ணு, தான் இல்லாவிட்டாலும் நடக்கிற ஒன்றைச் செய்துவிட்டுப் போனார்.

இதைப் படிக்கிற சிலருக்கு, வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்தில் வந்த வெள்ளைக்காரச் சாமியாரைப் புகழ வேண்டுமா என்று தோன்றலாம். அந்தக் காலத்து ஐரோப்பியரின் பார்வைக் குறைகள் அவருக்கும் இருந்தன. நம் வழிபாடுகளைப் பற்றி அவர் கொண்டிருந்த எல்லா எண்ணமும் இன்று எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் 1840களில், இந்த மண்ணின் பிள்ளைகள்தான் இந்தத் திருச்சபையை நடத்த வேண்டும் என்று தன் சொந்த இனத்தாரோடு மல்லுக்கட்டியவர் எத்தனை பேர்? அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

அவர் கேட்டது நடக்க எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? தமிழ்நாட்டில் லத்தீன் வழிபாட்டு முறையில் ஒரு தமிழர் ஆயரானது 1923ல்தான், தூத்துக்குடிக்கு ரோச் ஆண்டகை. கோயமுத்தூருக்கு 1940ல் உபகாரசாமி ஆண்டகை வந்தார். கருமத்தம்பட்டியில் பிரெசியாக் கோல் வாங்கி 94 வருஷம் கழித்து. அவரை அலைக்கழித்த அந்தச் சத்தியப் பிரமாணத்தை ரோமாபுரி நீக்கியதும் அதே 1940ல்தான்.

சாதிதான் நீங்கவில்லை. 2016ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டபோது, தீண்டாமை திருச்சபைக்குள்ளும் இருப்பதை ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்றும் இரண்டாகத்தான் கிடக்கிறது. பிரெசியாக் ஆண்டகைக்குப் புனிதர் பட்டம் கிடைக்க வேண்டும் என்று நானும் ஜெபிக்கிறேன். அக்டோபரில் கருமத்தம்பட்டித் தேருக்குப் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். பங்குப் பேரவைகளில் இருக்கும் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் வேறு: உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் இருந்தால், பட்டம் வரும்வரை காத்திருக்காமல் இந்த வருஷமே அதை இடித்துவிடுங்கள்.